ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தோட்டம்

நெய்வேலியில் தோண்டுவது ஊர்த்தொழில். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்று மேலே வந்தது. 1956ல் அதை வெட்டியெடுக்கவென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961ல் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்தைப் பார்த்தது. அதை மூடிக் கிடக்கும் ஐம்பது மீட்டருக்கும் மேலான மண்ணையும் மணற்கல்லையும் ராட்சத இயந்திரங்கள் இன்றும் அள்ளிக்கொண்டே இருக்கின்றன. அப்பேர்ப்பட்ட ஊரின் குவார்ட்டர்ஸ் ஒன்றில், சித்திரை மாத மதியத்தில், வீட்டு நாய் ரோஜாச் செடியைப் பெயர்த்துப் போட்டுவிட்டு பலாமரத்தடியில் அரையடிப் பள்ளம் பறித்துப் படுத்துக்கொண்டால் மட்டும் நமக்குக் கோபம் வந்துவிடுகிறது.

நாய் செய்தது நல்ல இயற்பியல். வெயில் மண்ணுக்குள் ஓர் அலையாக இறங்குகிறது. பகலில் ஏறி இரவில் தணியும் அந்த அலை, ஓரளவு ஈரமுள்ள மண்ணில் 10 செ.மீ. இறங்குவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெட்டவெளிச் செம்மண்ணின் மேற்பரப்பு விடியலில் 25 டிகிரி, பிற்பகலில் 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேலே ஏற்ற இறக்கம் 30 டிகிரி என்றால், 10 செ.மீ. கீழே அது 11 டிகிரி; ஓர் அடி ஆழத்தில் ஒன்றரை டிகிரிதான். இதைவிட விந்தை, அலை இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம். மேலே அடித்த மதிய வெயில் ஓர் அடி ஆழத்தை எட்டுவதற்குள் நள்ளிரவு ஆகிவிடும். ஆகவே மேலே அனல் பறக்கும் அதே வேளையில் கீழே இருக்கும் மண்ணுக்கு அந்த நாளின் மிகக் குளிர்ந்த வேளை நடந்துகொண்டிருக்கிறது. நாய் ஓர் அடி போவதில்லை. அரையடியே அதற்குப் போதும். வயிற்றுப் பக்கம் மயிர் குறைவு, அந்த மெல்லிய தோல் குளிர்ந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டால் உடம்புச் சூடு நேராக மண்ணுக்கு இறங்கும். பள்ளம் மரநிழலில் இருந்தால் இரட்டை ஆதாயம்: நிழல், மண்ணின் சராசரி வெப்பத்தையே குறைத்துவிடுகிறது.

எனவே நாய்க்கான தோட்டத்தில் முதலில் செய்யவேண்டியது, அது எங்கே தோண்டலாம் என்பதை நாமே முடிவு செய்து கொடுப்பது. நிழல் விழும் மூலையில் நாலடிக்கு மூன்றடி இடம், இளக்கிய மண்ணோடு பாதி மணல், காலையில் ஒரு குடம் தண்ணீர். இரண்டொரு முறை அதற்குள் ஒரு பிஸ்கட்டைப் புதைத்து வைத்தால் போதும், நாய் அந்த மூலையைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். ரோஜாவும் பிழைக்கும்.

நாய்க்கு ஏன் இவ்வளவு குளிர்ச்சி வேண்டியிருக்கிறது? நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாத மெத்தைகளில் மட்டும்தான் வியர்க்கும். உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் பெரிய வழி இளைப்பு ஒன்றுதான். இளைக்கும் நாய் வாயால் மூச்சு வாங்குவதாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும். 1970ல் நட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய சகாக்களும் அளந்து பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. காற்றைப் பெரும்பாலும் மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது நாய். மூக்குக்குள் சுருண்டு கிடக்கும் மெல்லிய எலும்புத் தகடுகளின் ஈரப்பரப்பைத் தொட்டுப் போகும் காற்று அங்கிருந்து நீராவியை ஏற்றிக்கொள்கிறது. அதே மூக்கு வழியாகத் திரும்பினால் ஏற்றிய சூட்டில் ஒரு பங்கை அங்கேயே இறக்கிவிடும் என்பதால் வாய் வழியாக வெளியேறுகிறது. அந்தத் தகடுகளுக்கு ஈரம் கொடுக்கவென்றே மூக்கின் பக்கவாட்டில் ஒரு சுரப்பி இருப்பதை அடுத்த இரண்டு ஆண்டுகளில் கண்டார்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. (உணவுப் பொட்டலத்தில் போடும் கலோரி இல்லை இது, அதில் ஆயிரத்தில் ஒன்று.)

நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால் அந்த உழைப்பே சூட்டைக் கூட்டிவிடாதா? கூட்டும், வேகம் ஏனோதானோவென்று இருந்தால். ஊஞ்சலை அது திரும்பும் தருணத்தில் விரலால் தொட்டாலே போதும் என்பதுபோல, மார்புக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இயல்பாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. நாய் சரியாக அந்த வேகத்தில்தான் இளைக்கிறது. தசைகளுக்குச் செலவு மிகக் குறைவு.

இவ்வளவு நுட்பமான ஏற்பாடு ஓரிடத்தில் தோற்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் மூக்கின் நீர் ஆவியாக இடமில்லை. நெய்வேலி இருக்கும் கடலோரக் கடலூர் மாவட்டத்தில் வெப்பமானி குறைவாகக் காட்டும் புழுக்கமான காலையும் நாயைப் படுத்தும். மூக்குத் தகடுகளுக்கே இடமில்லாமல் முகம் சப்பிப்போன பக் வகை நாயை இந்த ஊரில் வளர்ப்பது, என் கருத்தில், அதற்குச் செய்யும் உதவி அல்ல. சிப்பிப்பாறை நாட்டு நாயின் நீண்ட முகமும் ஒட்டிய மயிரும் இந்த மண்ணுக்கென்று அமைந்தவை.

பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவேடுகளை அலசி 2020ல் வெளியான ஆய்வு ஒன்றில், வெப்பத்தாக்குக்கு உள்ளான நாய்களில் நான்கில் மூன்று நடந்தோ ஓடியாடியோ உடம்பை வருத்தியதால் விழுந்தவை என்று தெரிந்தது. பூட்டிய காரில் மாட்டிக்கொண்டவை சிறு பங்குதான். மதியம் மூன்று மணிக்குப் பந்து எறிந்தால் நாய் மறுக்காது, அதுதான் சிக்கல். தள்ளாடினாலோ, எச்சில் கெட்டியாக வழிந்தாலோ, ஈறு செங்கல் நிறமாகச் சிவந்தாலோ முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிற வேண்டும், மருத்துவரிடம் கிளம்புவது அதற்குப் பிறகு. ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடக் கூடாது. துண்டு சூடாகி, உள்ளே சூட்டை அடைத்துவிடும்.

நிழலிலும் தரம் உண்டு. தகரக் கூரையின் கீழே வெயில் படாது. ஆனால் தகரம் தானே கொதித்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கீழே இருக்கும் நாயின் முதுகில் பொழியும். இலை வேறு. வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அது காற்றின் வெப்பத்தை ஒட்டியே நிற்கிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலின்போது இந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. அப்போது பறிபோனது காய்ப்பு மட்டுமல்ல, இந்த ஆவியாகும் நிழலும்தான். அதற்குப் பின் வைத்த கன்றுகள் இப்போது தோட்டங்களில் மரமாகி நிற்கின்றன. நாய்க்கூட்டை அவற்றின் கீழே வைக்கலாம். தென்னையின் கீழே வேண்டாம். பலாவிலும் காய் தொங்கும் கிளைக்கு நேர்கீழே வேண்டாம். பலாப்பால் மயிரில் ஒட்டிக்கொண்டால் சோப்பு போட்டுத் தேய்ப்பது வீண். நல்லெண்ணெய் தடவி ஊறவிட்டு வழித்தால் வந்துவிடும். பழத்தின் சுளையால் பெரிய தீங்கில்லை. பலாக்கொட்டையும் மாங்கொட்டையும்தான் குடலில் போய் அடைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சைவரை இழுத்துவிடுகின்றன.

முந்திரி இருக்கும் தோட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். பழம் இனிப்பு, வாசனைக்கு நாய் ஓடிவரும். அதன் நுனியில் தொங்கும் பச்சைக் கொட்டையின் ஓட்டில் தோலைப் பொசுக்கும் எண்ணெய் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்தில் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டு உட்காருவது அதனால்தான். நாய்க்குப் பூசிக்கொள்ள வழியில்லை, அது நேராக வாயால் கடிக்கிறது. கொட்டை உதிரும் பங்குனி, சித்திரையில் காலையிலேயே பொறுக்கிவிடுவது ஒன்றே வழி.

இனி வருவது இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி: அரளிச் செடிக்கும் தேரைக்கும் உள்ள உறவு.

நம் உடம்பிலும் நாயின் உடம்பிலும் உள்ள ஏறத்தாழ எல்லாச் செல்களின் சவ்விலும் ஒரு நுண்ணிய பம்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கும். இந்த ஏற்றத்தாழ்வில்தான் நரம்பின் செய்தியும் இதயத்தின் துடிப்பும் பிறக்கின்றன. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் இருக்கும் நஞ்சு போய் உட்காருவது சரியாக இந்தப் பம்பின் மேல். பம்பு நின்றால் இதயத் தசைக்குள் கால்சியம் தேங்கும். துடிப்பு முதலில் வலுக்கும், பிறகு தாளம் தப்பும், பிறகு நிற்கும். மஞ்சள் அரளிக் கொட்டையும் எருக்கம்பாலும் இதே குடும்பம்தான்.

மழை தொடங்கியதும் விளக்கடியில் வந்து உட்காரும் தேரையைப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் இரண்டு புடைப்புகள் தெரியும். நாய் கவ்வினால் அவற்றிலிருந்து வெள்ளையாக ஒரு பால் கசிகிறது. அதில் உள்ள நஞ்சும் அதே பம்பைத்தான் அடைக்கிறது. வேதி அமைப்பில் அரளி நஞ்சுக்கு நெருங்கிய சொந்தம், ஒரு வளையத்தில் மட்டும் சின்ன வேறுபாடு. ஒரு செடியும் ஒரு தேரையும், ஒன்றையொன்று அறியாமல், கோடிக்கணக்கான ஆண்டுகளில் தனித்தனியே ஒரே பூட்டுக்குச் சாவி செய்திருக்கின்றன. தின்ன வருபவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு இந்தப் பம்பு இல்லாமல் இருக்க முடியாது என்பதுதான் காரணம். அந்தப் பூட்டை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. தேரையைத் தின்றே வாழும் சில பாம்புகளின் பம்பில் நஞ்சு ஒட்டுவதில்லை. பருத்த பச்சைப் புழு ஒன்று அரளி இலையையே மேய்ந்து வளர்ந்து அழகான அந்துப்பூச்சியாகிப் பறந்து போகிறது. நாய்க்கு இந்த வரம் எதுவும் கிடைக்கவில்லை.

அரளி கசப்பதால் வளர்ந்த நாய் பெரும்பாலும் தொடாது. பல் முளைக்கும் குட்டிக்கு எல்லாமே குச்சிதான். வெட்டிப்போட்ட கிளை காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை, ஆகவே கழித்த அரளியை வேலியோரம் குவித்து வைப்பது செடியை வைத்திருப்பதைவிட மோசம். தேரையைக் கவ்விய நாய்க்கு நுரை நுரையாக எச்சில் வழியும். தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து வாயின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும், தொண்டைக்குள் போகக் கூடாது. ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தேரை இரவில் நாயின் தண்ணீர்ச் சட்டியில் இறங்கி உட்காருவதும் உண்டு. சட்டியை ஒரு மேடைமேல் வைத்து, காலையில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினால் தேரைக்கும் கொசுவுக்கும் ஒரே வேலையாகத் தீர்ந்தது. அழகுக்கு வைக்கும் சைக்கஸ் செடி நாயின் ஈரலைச் சிதைக்கும். மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் கொல்லும். நாய் இருக்கும் வீட்டில் இரண்டும் வேண்டாம்.

பாம்பைப் பற்றிப் பேசினால் நாய்ச்சோற்றைப் பற்றித்தான் பேச வேண்டும். சட்டியில் மிச்சம் கிடக்கும் சோற்றுக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. எலியை ஒழிக்க வைக்கும் எலி கேக்கை நாயே தின்றுவிடுகிறது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே-யை உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சியைத் தடுப்பதுதான் அந்த மருந்துகள் பலவற்றின் வேலை. கையிருப்பு தீர மூன்று நாலு நாள் ஆகும் என்பதால் தின்ற அன்று நாய் ஜோராக இருக்கும். வாரக் கடைசியில் மூக்கில் ரத்தம் வரும்போது யாருக்கும் எலி கேக் ஞாபகம் வராது. தின்றதை அன்றே பார்த்துவிட்டால் மருத்துவரிடம் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால் காப்பாற்றுவது எளிது. சாப்பிட்டு முடித்ததும் சட்டியை எடுத்துவிடும் வீட்டில் இந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை.

பலா இலைச் சருகு ஒரு வாரம் கூட்டாமல் கிடந்தால் கண்ணாடி விரியனுக்கு அதைவிட நல்ல போர்வை கிடையாது. நாய் எதையும் மூக்கால் விசாரிக்கும் பிராணி, கடியும் பெரும்பாலும் முகத்தில்தான் விழுகிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்து செய்யும் அதே மருந்தைத்தான் கால்நடை மருத்துவர்களும் நாய்க்குப் போடுகிறார்கள். இங்கே அதிகம் கடிக்கும் நாலு வகை நச்சுப் பாம்புக்கும் ஒரே மருந்து என்பதால் எந்தப் பாம்பு என்று தேடி நேரத்தை விடவேண்டாம். 2015 நவம்பரில் ஒரே நாளில் நெய்வேலியில் 48 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் வளைகளில் தண்ணீர் நிறைந்து, உள்ளே இருப்பதெல்லாம் மேடான இடம் தேடி வெளியே வரும். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்து லெப்டோஸ்பைரா கிருமியும் இருக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு, வெறிநாய்த் தடுப்பூசியோடு ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளலாம்.

உண்ணி விஷயத்தில் நாம் தப்பான இடத்தில் போர் செய்கிறோம். நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின்மேல் ஏறி மூன்று முறை இறங்குகிறது, குஞ்சாக, இளசாக, முதிர்ந்ததாக. இடைப்பட்ட காலமெல்லாம் சுவர் விரிசலிலும் கூட்டின் இடுக்கிலும்தான் வாசம். ரத்தம் குடித்துப் பருத்த பெட்டை கீழே விழுந்து, சுவரில் மேல்நோக்கி ஏறி, ஒரு விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். பசியோடு மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றுக்குத் தெரியும். குளிர்காலம் என்று ஒன்று வந்து கொல்லும் ஊரும் இல்லை இது. நாயின் உடம்பில் நீங்கள் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு. மருத்துவர் தரும் மருந்தோடு காம்பவுண்டுச் சுவர் விரிசல்களைச் சிமெண்டால் பூசினால்தான் உண்ணிக் காய்ச்சல் வீட்டைவிட்டுப் போகும்.

இதுவரை சொன்னது ஆபத்து. தோட்டத்தில் நாய்க்கு இன்பம் எது என்று கேட்டால், மூக்குதான் என்பேன்.

மோப்பம் பிடிக்கும் நாய் நொடிக்கு ஐந்து முறை இழுத்து விடுகிறது. மூக்குத் துவாரத்தின் பக்கவாட்டில் ஒரு கீற்று இருப்பதை உற்றுப் பார்த்தால் தெரியும். விடும் மூச்சு அந்தக் கீற்று வழியாகப் பின்பக்கம் பீய்ச்சிக்கொண்டு போகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி செட்டில்ஸின் குழு காற்றோட்டத்தைப் படம் பிடித்துக் காட்டியபடி, பின்னால் போகும் அந்தக் காற்று, முன்னால் உள்ள புது மணத்தை மூக்கை நோக்கி இழுத்தும் கொடுக்கிறது. உள்ளே போன காற்றும் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகும். எட்டில் ஒரு பங்கு மட்டும் மூக்கின் பின்கோடியில் உள்ள தனி அறைக்குப் போய் நிதானமாக ஆராயப்படும். நமக்கு அப்படி ஒரு தனி அறையே கிடையாது.

மணத்துக்கு வயது உண்டு. ராத்திரி வந்த பூனையின் தடம் விடியலில் ஒரு மாதிரி, வெயில் ஏறிய பின் வேறு மாதிரி. நாம் இன்றைக்குத் தோட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறோம், நாய் நேற்றிலிருந்து என்ன நடந்தது என்று படிக்கிறது. சிமெண்ட் தளம் போட்டுச் சுத்தமாக வைத்த கொல்லையில் அதற்குப் படிக்க ஒன்றுமில்லை, வெயிலில் கால் வைக்கவும் முடியாது. புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து நொடி தாக்குப்பிடிக்க முடியவில்லையென்றால் பாதமெத்தையும் தாங்காது.

சார்லட் டுராண்டனும் அலெக்சாண்டிரா ஹோரோவிட்சும் 2019ல் வெளியிட்ட சோதனை ஒன்று அருமையானது. ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் எப்போதும் தீனி இருக்கும், மறுபக்கக் கிண்ணத்தில் இருக்காது என்று நாய்களுக்குப் பழக்கினார்கள். பிறகு கிண்ணத்தை இரண்டுக்கும் நடுவில் வைத்தார்கள். இதில் இருக்கும் என்று நம்பும் நாய் வேகமாக வரும், நம்பாத நாய் தயங்கும். இரண்டு வாரம் ஒரு கூட்டத்துக்கு மோப்பம் பிடித்துத் தீனி தேடும் பயிற்சி, இன்னொரு கூட்டத்துக்கு எசமானரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. இரண்டிலும் தீனி உண்டு, பாராட்டு உண்டு. மீண்டும் நடுக்கிண்ணத்தை வைத்தபோது மோப்பம் பிடித்த கூட்டம் முன்னைவிட வேகமாக வந்தது. காலோடு நடந்த கூட்டத்தில் மாற்றமில்லை. மூக்கைப் பயன்படுத்தவிட்டால் நாய்க்கு உலகத்தின்மேல் நம்பிக்கை கூடுகிறது என்று இதைப் படிக்கலாம்.

தோட்டத்தில் இதற்குச் செலவே இல்லை. ஒரு வேளைத் தீனியைச் சட்டியில் வைக்காமல் அருகம்புல்லில் இறைத்துவிடுங்கள். தேங்காய் நாரைக் குவித்து அதற்குள் நாலு கருவாட்டுத் துண்டு போடுங்கள். பூச்சிமருந்து அடிக்காத அருகம்புல் திட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வயிறு சரியில்லாத நாய்தான் புல் தின்னும் என்று சொல்வார்கள். கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ப்பாளர்களைக் கேட்டு 2008ல் வெளியிட்ட ஆய்வில், புல் தின்பதற்கு முன் நோய்வாய்ப்பட்டிருந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலானவை சும்மா, பிடித்துப்போய்த் தின்கின்றன. வேலியோரமாக நாய் ஓடி ஓடித் தேய்ந்த தடம் ஒன்று எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். அங்கே செடி வைத்துச் சண்டை போடவேண்டாம், அது காவல் நடை.

கடைசியாகப் பந்து. கலிபோர்னியாவில் 1989ல் ஜே நீட்ஸும் சகாக்களும் மூன்று நாய்களுக்கு வண்ணம் பிரித்துக் காட்டும் தேர்வு வைத்தார்கள். நாயின் கண்ணில் நிறம் காணும் கூம்புகள் இரண்டே வகை என்று அதில் தெளிவானது. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும்; சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே நிறம். புல்லில் விழுந்த சிவப்புப் பந்து நமக்குக் கண்ணைப் பறிக்கிறது, நாய் அதை மூக்கால்தான் தேடிப் பிடிக்கிறது. கடையில் சிவப்பும் ஆரஞ்சும்தான் குவிந்து கிடக்கும், வாங்குவது நாம் என்று கடைக்காரருக்குத் தெரியும். நீலம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தி சாய்ந்து மண் குளிர்ந்த பிறகு எறியுங்கள்.